“சேர், அந்தப் பிள்ளைட உம்மா எங்க இருந்தா?”

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

சென்ற வாரம் தரம் பத்தில் பாடம் முடிந்து, மணியடிக்க இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. பேச்சு தென் அமெரிக்காவின் இன்கா மக்கள் பக்கம் திரும்பியது. மச்சு பிச்சுவை எல்லோரும் படத்தில் பார்த்திருந்தார்கள். அதைவிட எவ்வளவோ உயரத்தில், பனி மூடிய எரிமலை உச்சிகளிலும் அவர்கள் வழிபாட்டிடங்கள் கட்டினார்கள் என்று சொன்னோம். சில உச்சிகளில் பிள்ளைகளைப் பலி கொடுத்தார்கள் என்றும், 1999இல் அப்படியான மூன்று பிள்ளைகளின் உடல்கள் தூங்குகிறவர்களைப் போலவே கிடைத்தன என்றும் சொன்னோம்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. பின் வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும் எழும்பிக் கேட்டாள்: “சேர், அந்தப் பிள்ளைட உம்மா எங்க இருந்தா?”

அதற்குள் மணியடித்துவிட்டது. அடித்தது நல்லதாய்ப் போயிற்று. எம்மிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சில இரவுகள் தேடி வாசித்தோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் மலையைப் பற்றிப் பேசுவோம்

இன்காக்கள் பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பெரும் அரசாக விரிந்தவர்கள். 1532இல் ஸ்பானியர் வந்து சேரும்போது அவர்களது ஆட்சி இன்றைய கொலம்பியாவின் தென் எல்லையிலிருந்து சிலியின் நடுப்பகுதி வரை நீண்டிருந்தது. தலைநகர் குஸ்கோ. தமது நாட்டை அவர்கள் தவந்தின்சுயு என்று அழைத்தார்கள். ஒன்று சேர்ந்த நான்கு பகுதிகள் என்பது அதன் பொருள். அவர்களிடம் இரும்பு இல்லை. சில்லு வைத்த வண்டி இல்லை. எழுத்து இல்லை, கணக்கெல்லாம் முடிச்சுப் போட்ட கயிறுகளில்தான். அப்படியிருந்தும் 30,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை வலையமைப்பு அவர்களிடம் இருந்தது. 2014இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக அறிவித்தது.

அன்டீஸ் மலைவாசிகள் மலையை உயிருள்ள ஒரு பெரியவராகக் கண்டார்கள். கெச்சுவா மொழியில் மலையை “அப்பு” என்பார்கள். தலைவர், ஆண்டவர் என்று பொருள். (எங்கட அப்புவோடு இதை முடிச்சுப் போட வேண்டாம். ஒலி ஒத்துப்போனது தற்செயல்தான்.)

ஏன் மலை? காரணம் விளங்காத ஒன்றல்ல. அந்தப் பிரதேசத்தின் மேற்குப் பக்கம் உலகின் மிக வறண்ட பாலைவனங்களில் ஒன்றான அட்டகாமா. அங்கே தண்ணீர் என்றால் அது மலையிலிருந்து உருகி வரும் தண்ணீர். உருளைக்கிழங்கும் சோளமும் அதை நம்பியே விளைந்தன. லாமா மந்தைகள் அதை நம்பியே மேய்ந்தன. இடி, ஆலங்கட்டி மழை, எரிமலைச் சாம்பல் எல்லாம் வந்ததும் அதே மலையிலிருந்துதான். வாழ்வும் அழிவும் ஒரே இடத்திலிருந்து வரும்போது மனிதன் அந்த இடத்தை அண்ணாந்து பார்க்கத்தான் செய்வான்.

இன்காக்களுக்கு முன்பிருந்த மக்களும் மலைகளைப் போற்றினார்கள். ஆனால் பெரும்பாலும் கீழே நின்றுதான். உச்சி வரை ஏறி அங்கே கட்டடம் எழுப்பும் வேலையைப் பெரிய அளவில் செய்தது இன்கா அரசு.

ஆர்ஜன்டீனாவுக்கும் சிலிக்கும் எல்லையில் யுயையாக்கோ என்றொரு எரிமலை இருக்கிறது. உயரம் 6,739 மீற்றர். உச்சிக்கு மிக அருகே கல்லால் கட்டிய மேடையும் சிறு கட்டடங்களும் உள்ளன. உலகில் இதுவரை அறியப்பட்ட மிக உயரமான தொல்லியல் தளம் அதுதான். ஐரோப்பியர் தமது மொன்ட் பிளாங்க் மலையில் முதன்முதலாக ஏறியது 1786இல். அதன் உயரம் ஏறத்தாழ 4,800 மீற்றர். அதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கால்களில் புல்லாலும் தோலாலும் செய்த செருப்போடு, அதைவிட 1,900 மீற்றர் அதிக உயரத்தில் கல் அடுக்கியவர்கள் இவர்கள். அந்த உயரத்தில் மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையில் கிடைப்பதில் பாதிகூட இல்லை.

இந்தத் திறமையைக் கேட்டு வியக்காமல் இருக்க முடியாது. வகுப்பில் நாமும் அந்த வியப்போடுதான் தொடங்கினோம்.

1999 மார்ச்

அந்த மாதம் அமெரிக்க ஆய்வாளர் ஜொஹான் ரைன்ஹார்டும் ஆர்ஜன்டீனத் தொல்லியலாளர் கொன்ஸ்தன்சா செருத்தியும் ஒரு குழுவோடு யுயையாக்கோவில் ஏறினார்கள். உச்சி மேடையின் கீழே மூன்று பிள்ளைகளைக் கண்டார்கள். ஏறத்தாழ பதின்மூன்று வயதுடைய பெண்பிள்ளை. ஆறு வயதளவில் ஒரு சிறுமி. அவளைவிடப் பெரிதாக வயது வித்தியாசம் இல்லாத ஒரு சிறுவன்.

எகிப்தில் செய்வதுபோல் இந்த உடல்களுக்கு யாரும் மருந்து பூசவில்லை. ஐந்நூறு ஆண்டுகளாகக் குளிர்தான் அவற்றைக் காத்தது. பெரிய பிள்ளை காலை மடித்து, தலை சற்றுக் குனிந்து அமர்ந்திருந்தாள். அவளது கூந்தல் மெல்லிய பின்னல்களாகப் பின்னப்பட்டிருந்தது. சிறுமியின் உடலில், இறந்து நெடுங்காலத்துக்குப் பின் விழுந்த மின்னலின் கருகல் இருந்தது. சிறுவன் கயிற்றால் இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தான். அவனது உடையில் வாந்தியின் தடயம் இருந்தது.

இது ஒரேயொரு மலையின் கதையல்ல. சிலியின் சந்தியாகோ நகருக்கு மேலே நிற்கும் எல் ப்ளோமோ மலையில் 1954இலும், ஆர்ஜன்டீனாவின் அகொன்காகுவா மலையில் 1985இலும் சிறுவர்களின் உடல்கள் கிடைத்தன. 1995 செப்டெம்பரில் பெருவின் அம்பாத்தோ மலையில், பக்கத்து எரிமலையின் சூடான சாம்பல் விழுந்து பனி உருகியதால் ஒரு பெண்பிள்ளை வெளிப்பட்டாள். உலகம் அவளுக்கு ஹுவானிதா என்று பெயர் வைத்தது. ஸ்கேன் செய்து பார்த்தபோது தலையில் விழுந்த பலத்த அடியால் அவள் இறந்தது தெரிந்தது.

இந்தச் சடங்குக்குக் கெச்சுவாவில் “கபக் ஹுச்சா” என்று பெயர். மன்னர் இறந்தால், புதிய மன்னர் பட்டமேற்றால், மன்னர் நோயுற்றால், பூமி அதிர்ந்தால், மழை பொய்த்தால் இது நடக்கும். மாகாணங்களிலிருந்து மறு இல்லாத, அழகான பிள்ளைகளைத் தெரிவு செய்வார்கள். குஸ்கோவுக்கு அழைத்துச் சென்று விழா எடுப்பார்கள். பின்னர் ஊர்வலமாக, சிலரை ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலும், குறித்த மலைக்குக் கொண்டுசெல்வார்கள்.

கூந்தல் எழுதிவைத்த நாட்குறிப்பு

பெரிய பிள்ளையின் கதையை அவளது கூந்தலே சொல்லியது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்கிறது. நாம் உண்பதும் குடிப்பதும் வளரும் முடியில் பதிவாகிறது. நீண்ட முடியை நுனியிலிருந்து வேர் வரை துண்டு துண்டாகப் பரிசோதித்தால், மாதம் மாதமாக ஒருவரது வாழ்க்கையை வாசிக்கலாம்.

2007இலும் 2013இலும் வெளியான ஆய்வுகள் இதைத்தான் செய்தன. இறப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்புவரை அவளது உணவு ஒரு சாதாரணக் குடியானவரின் உணவு, பெரும்பாலும் கிழங்கு. பிறகு திடீரென்று மாறுகிறது. இறைச்சியும் சோளமும் வருகின்றன. அது மேட்டுக்குடியின் உணவு. அதே காலத்தில் கொக்கா இலையின் அளவும் சடாரென்று ஏறுகிறது. கடைசிச் சில வாரங்களில் மதுசாரத்தின் அளவு உச்சத்துக்குப் போகிறது. சோளத்தில் வடித்த “சிச்சா” என்ற மது அது. கண்டெடுக்கப்பட்டபோதும் அவளது பற்களுக்கிடையே மென்ற கொக்கா இலை இருந்தது. 2012இல் வந்த இன்னொரு ஆய்வு, இறக்கும் நேரத்தில் அவளுக்கு நுரையீரலில் தொற்று இருந்ததைக் காட்டியது.

அதாவது அவள் ஒரே நாளில் இறந்தவளல்ல. ஓர் ஆண்டு முழுக்கத் தயார் செய்யப்பட்டவள். நல்ல சாப்பாடு, நல்ல உடை, தலையில் வெள்ளை இறகுக் கிரீடம், கூடவே மயக்கம். உடலில் காயம் எதுவும் இல்லை. நெஞ்சில் சளியோடு, மது மயக்கத்தில், மலையுச்சிக் குளிரில் உறங்கியவள் எழும்பவில்லை.

அந்த ஆண்டில் அவளுக்கு எதுவரை தெரிந்திருந்தது? அவளது கூந்தல் அதைச் சொல்லாது.

ஒரு வாப்பாவின் பதவி

இந்தப் பிள்ளைகளுள் மிகச் சிலரது பெயர்களே எமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று தந்தா கார்வா. 1620களின் தொடக்கத்தில், உள்ளூர்ச் சமயத்தை ஒழிக்கவென்று பெருவின் மலையூர்களில் அலைந்த எர்னான்தெஸ் பிரின்சிப்பே என்ற ஸ்பானியப் பாதிரியார், ஒக்ரோஸ் என்ற ஊரில் கேட்டதை எழுதிவைத்தார்.

தந்தா கார்வா பத்து வயதளவான, மிக அழகான பிள்ளை. அவளது தகப்பன் காக்கே போமா ஓர் உள்ளூர்ப் பிரமுகர். மகளை அவர் கபக் ஹுச்சாவுக்குக் கொடுத்தார். அவள் குஸ்கோவுக்குப் போய்ப் பெரும் மரியாதையோடு திரும்பிவந்தாள். ஊருக்கு அருகே ஒரு மலையில் ஆழமாகக் குழி வெட்டி அவளை உயிரோடு உள்ளே வைத்து மூடினார்கள். தகப்பனுக்குத் தலைவர் பதவி கிடைத்தது. அது அவரது சந்ததிக்கும் தொடர்ந்தது. பிற்காலத்தில் ஊரார் நோய்நொடி வந்தால் அவளிடம் போய்க் கேட்பார்களாம். பூசகர்கள் பெண் குரலில் அவளுக்காகப் பதில் சொல்வார்களாம்.

அந்தப் பாதிரியார் குழியைத் தோண்டுவித்தார். சொன்னபடியே அவள் வெள்ளிப் பாத்திரங்களோடு உள்ளே அமர்ந்திருந்தாள்.

இந்த ஒரு கதையில் எல்லாம் இருக்கிறது. மத்திய அரசுக்கு ஒரு தூரத்து ஊரின் விசுவாசம் கிடைத்தது. ஊருக்குக் குஸ்கோவின் அங்கீகாரம் கிடைத்தது. தகப்பனுக்குப் பதவி கிடைத்தது. பூசகருக்குப் பேச ஒரு குரல் கிடைத்தது. விலை கொடுத்தவள் ஒருத்திதான். அவளுக்கு வயது பத்து.

யுயையாக்கோவின் உச்சியிலும் இதே கணக்கைக் காணலாம். பிள்ளைகளோடு நூற்றுக்கு மேற்பட்ட பொருட்கள் இருந்தன. தங்கத்திலும் வெள்ளியிலும் செய்த சிறு உருவங்கள், வெதுவெதுப்பான வடகடலிலிருந்து வந்த ஸ்பொண்டிலஸ் சிப்பி, கிழக்குக் காடுகளின் பறவை இறகுகள், குஸ்கோ பாணி மட்பாண்டங்கள், உயர்தர நெசவுத் துணிகள். கடலும் காடும் தலைநகரும் ஒரே குழியில். சாம்ராஜ்யம் தன் படத்தை அந்த உச்சியில் புதைத்து, கீழே வாழ்ந்த மக்களிடம் “உங்கள் மலையும் இப்போது எங்களுடையது” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. புதிதாகப் பிடித்த நாட்டின் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ, அந்த இடத்திலேயே தன் முத்திரையைக் குத்தியது.

அப்படியானால் உம்மா எங்கே?

மாணவியின் கேள்விக்கு வருவோம்.

தகப்பன்மார் சிலரது பெயர் பதிவில் இருக்கிறது. பதவி இருக்கிறது. மன்னர்களின் பெயர் இருக்கிறது. தாய்மாரைத் தேடினோம். எமக்குக் கிடைத்தது ஒரு தாயின் பெயரல்ல, ஒரு தடைதான். 1653இல் தன் பெரும் நூலை முடித்த பெர்னபே கோபோ என்ற இயேசு சபைப் பாதிரியார் எழுதுகிறார்: பிள்ளையைக் கொடுக்கும் பெற்றோர் துயரத்தை வெளியே காட்டக்கூடாது, காட்டினால் அது பெருங்குற்றம்.

இந்தச் செய்தியை வாசித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்தோம்.

யோசித்துப் பாருங்கள். எல்லாத் தாய்மாரும் மகிழ்ச்சியோடு கொடுத்திருந்தால் அழக்கூடாது என்று ஒரு சட்டம் எதற்கு? நடக்காத ஒன்றை எந்த அரசும் தடை செய்வதில்லை. அந்தத் தடைதான் அந்தத் தாய்மாரைப் பற்றி வரலாறு விட்டுச்சென்ற சாட்சி. அவர்கள் அழுதார்கள். அல்லது அழுகையை அடக்கிக்கொண்டார்கள். அவர்களை அழவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் அரசு தேவைப்பட்டது.

இங்கே சிலர் கேட்கலாம்: “எல்லாம் ஸ்பானியப் பாதிரிமார் எழுதியதுதானே? அவர்கள் இன்காக்களைக் கெட்டவர்களாகக் காட்ட எழுதியிருப்பார்கள்.” நியாயமான கேள்வி. வரலாறு படிக்கும் பிள்ளைகள் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான். எழுதியவர்கள் வெற்றி பெற்றவர்கள். இன்கா மன்னர் அத்தஹுவால்பாவை 1533இல் கொன்ற கூட்டத்தின் வாரிசுகள். இவர்கள் கொண்டுவந்த நோய்களும் சுரங்க வேலையும் கொன்ற உயிர்கள், மலையுச்சியில் போன உயிர்களைவிடப் பன்மடங்கு. அப்படிப்பட்டவர்களின் எழுத்தை அப்படியே விழுங்கக்கூடாது. அதனால்தான் கூந்தல் ஆய்வு முக்கியமாகிறது. பிள்ளைகளுக்கு நல்ல உணவு கொடுத்தார்கள், மது கொடுத்தார்கள், உச்சிக்குக் கொண்டுபோனார்கள் என்று எழுத்து சொன்னதை, எழுத்தை அறியாத ஒரு பிள்ளையின் தலைமுடி தனியாக நின்று உறுதி செய்தது. இரண்டு சாட்சிகளும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை.

நாம் பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை

நம்மில் சிலருக்கு இதை வாசித்ததும் “காட்டுமிராண்டிகள்” என்ற சொல் நாக்கில் வரும். கொஞ்சம் பொறுங்கள். பெண்குழந்தையை உயிரோடு மண்ணில் புதைத்த அறபுச் சமூகத்தில்தான் எமது நபி (ஸல்) பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகளிடமே மறுமையில் கேட்கப்படும் என்று குர்ஆன் எச்சரித்தது, அது நடந்துகொண்டிருந்ததால்தான். ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளிலும் இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பிள்ளையின் கழுத்தில் கத்தி இறங்கவில்லை, ஆடு வந்தது என்பதில்தான் அந்தக் கதை முடிகிறது. அந்த முடிவு கிடைக்காத பிள்ளைகள் உலகின் பல மூலைகளிலும் இருந்திருக்கிறார்கள். அன்டீஸ் மலையில் மட்டுமல்ல.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மலையை மதிப்பது வேறு. மலையின் பெயரில் பிள்ளையைக் கேட்பது வேறு. இன்கா அரசு போய் ஐந்நூறு ஆண்டுகளாகப் போகிறது. பலி அரசோடு போய்விட்டது. மலை மீதான மரியாதை போகவில்லை. குஸ்கோவுக்கு அருகே அவுசங்காத்தே மலைப் பக்கம் கொயுர் ரித்தி என்ற யாத்திரைக்கு இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். முன்பு அவர்கள் பனிப்பாறையில் ஐஸ் கட்டிகளை வெட்டி முதுகில் சுமந்து ஊருக்குக் கொண்டுவருவார்கள், நோய்க்கும் வயலுக்கும் நல்லதென்று. பனி சுருங்கி வருவதைக் கண்டு அந்த வழக்கத்தைத் தாங்களே கைவிட்டார்கள். மலைக்கு நோகும் என்று பழைய வழக்கத்தையே விட்டவர்கள் அவர்கள்.

அதனால் எமக்குப் படுவது இதுதான். மலை யாரிடமும் பிள்ளையைக் கேட்கவில்லை. மலை கேட்கிறது என்று மனிதர்கள் சொன்னார்கள். சொன்னவர்களுக்கு அதில் இலாபம் இருந்தது. புனிதமான ஒன்றின் பெயரால் யாராவது எம் பிள்ளைகளைக் கேட்டால், கேட்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதோடு, அழக்கூடாது என்று யாருக்குச் சொல்லப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

கண்ணாடிப் பெட்டி

மூன்று பிள்ளைகளும் இப்போது ஆர்ஜன்டீனாவின் சால்தா நகரில், அவர்களுக்கென்றே 2004இல் திறக்கப்பட்ட நூதனசாலையில் இருக்கிறார்கள். மறை 20 பாகை செல்சியஸ் குளிரில், ஒட்சிசன் குறைந்த கண்ணாடிப் பெட்டிகளுக்குள். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளையை மட்டுமே காட்சிக்கு வைக்கிறார்கள். அப்படி வைப்பதையே அந்நாட்டின் பூர்வீக மக்கள் அமைப்புகள் எதிர்த்துள்ளன. எங்கள் பிள்ளைகளைப் பார்வைப் பொருளாக்காதீர்கள் என்பதே அவர்களது வாதம்.

மறுபக்கமும் இருக்கிறது. பனி உருகுகிறது, புதையல் தேடுவோர் உச்சிகளைத் தோண்டுகிறார்கள், எடுக்காமல் விட்டிருந்தால் இந்தப் பிள்ளைகளின் கதை எமக்குக் கிடைத்திருக்காது. அந்தக் கூந்தல் பேசியதால்தானே நாமும் இவ்வளவு எழுதுகிறோம்? இதற்கு எம்மிடம் இலகுவான தீர்ப்பு இல்லை. எமது பழக்கத்தில் மையித்தை மூடிவைப்போம். முகத்தைப் பார்ப்பது சொந்தக்காரர்களின் உரிமை. அந்தப் பழக்கத்திலிருந்துதான் இதையும் பார்க்கிறோம்.

அடுத்த பாடத்தில் அந்த மாணவியிடம் தேடிக் கிடைத்ததைச் சொன்னோம். உம்மாவின் பெயர் எங்கும் இல்லை, அவ அழக்கூடாது என்று மட்டும் எழுதியிருக்கு என்றோம். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப அவ அழுதிருக்கா சேர்” என்றாள். நாம் இரண்டு மூன்று இரவு வாசித்துக் கண்டதை அந்தப் பிள்ளை ஒரு நிமிடத்தில் கண்டாள்.

இந்தப் பதிவோடு யுயையாக்கோ மலையின் படத்தை மட்டும் இணைத்திருக்கிறோம். பிள்ளைகளின் படத்தை வேண்டுமென்றே போடவில்லை. இணையத்தில் தேடினால் ஒரு நொடியில் கிடைக்கும், தெரியும். தயவுசெய்து கருத்துப் பகுதியிலும் யாரும் அதைப் போட வேண்டாம். பதின்மூன்று வயதில் எம் வகுப்பிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள்.